ஊசித்துளை வழியே வீடு: காண்டலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

கிடுகு வேய்ந்த வீடொன்றின் மெழுகிய தரையிலே முற்பகல் வெயிலிற் சிதறிக் கிடக்கும் ஒளிவட்டங்கள் ஒரு காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான காட்சியாகும். ஓலையிலுள்ள பொத்தல் கோணலாயிருப்பினும் நீண்டிருப்பினும் தரையில் விழுவது வட்டமாகவே இருக்கும். பத்தடி உயரத்திலுள்ள சிறு பொத்தல் ஏறத்தாழ ஓர் அங்குல அகலமான வட்டத்தைத் தருகிறது. அவ்வட்டம் பொத்தலின் வடிவமன்று, ஞாயிற்றின் உருவம். 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வட இலங்கையிலே கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, வெயில் இறங்கிய மரநிழல்களிலே வட்டங்கள் வளையங்களாக மாறியமைக்குக் காரணமும் இதுவே. பிரம்புப் பின்னலின் நாற்கோண இடைவெளிகளினூடாக வரும் வெயில் ஏன் வட்டமாக விழுகிறது என்னும் வினா அரிஸ்ரோட்டிலின் பெயரால் வழங்கும் வினாத் தொகுப்பொன்றிலே காணப்படுகிறது. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், இருட்டறையொன்றின் துளைக்கு வெளியே விளக்குகளை வரிசையாக நிறுத்தி, அவற்றுள் ஒன்றை மறைத்தால் அறையினுள்ளே அதற்குரிய ஒளிமட்டும் மறைவதைக் கண்டு, ஒளி நேர்கோட்டிற் செல்வதையும் ஓர் ஒளி மற்றொன்றோடு கலந்து குழம்பாமையையும் விளக்கினார்.

கூரை, கூடை, விளக்கு என வீட்டுப் பொருள்களே ஒளியியலின் முதற் பாடநூல்களாக இருந்துள்ளன என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஊசித்துளைக் கமராவைக் கொண்டு ஒளிப்படக்கலையைப் பயிலத் தொடங்கும் ஒருவர் இன்றும் வீட்டுப் பொருள்களிடமே செல்லவேண்டியவராகிறார். அங்ஙனம் செல்லுமிடத்து அவர் எதிர்பாராத அறவினா ஒன்று அவரை எதிர்கொள்கிறது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊசித்துளைக் கமரா என்பது ஒளி புகாத பெட்டி. அதன் ஒரு பக்கத்திலே மெல்லிய துளை; எதிர்ப்பக்கத்திலே ஒளியுணர் படலம் அல்லது தாள். வில்லை இல்லை, குறிபார்க்கும் கண்ணாடி இல்லை, விசையும் இல்லை. துளையின்மேல் ஒட்டிய கறுப்பு நாடாவை உரித்தால் திறந்தது; மீண்டும் ஒட்டினால் மூடியது. இத்தகைய கருவி விளையாட்டுப் பொருளாக மட்டும் இருந்ததன்று. 1880களில் எகிப்திலே ஆய்வு செய்த பிளிண்டர்ஸ் பீற்றி என்னும் தொல்லியலறிஞர் தாமே செய்த ஊசித்துளைக் கமராவினாற் படமெடுத்துள்ளார். துளையின் அளவு எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவை றேலி பிரபு போன்ற பௌதிகவியலாளர் கணித்து ஆராய்ந்தனர். துளை பெரிதாயின் உருவம் மழுங்கும். மிகச் சிறிதாயின் ஒளி வளைந்து பரவுவதால் மறுபடியும் மழுங்கும். துளைக்கும் படலத்துக்கும் இடைத்தூரம் பத்துச் சென்ரிமீற்றராயின் 0.4 மில்லிமீற்றர் அளவான துளை பொருத்தமானது. மெல்லிய தையலூசியின் நுனி அதற்குப் போதும். கைத்தொலைபேசியின் கமரா ஒரு கணத்திற் பல படங்களை எடுத்துத் தள்ளும் இக்காலத்திலும் இக்கருவியைக் கைவிடாதோர் உலகெங்கும் உளர். 2001ஆம் ஆண்டு முதல் ஏப்ரில் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உலக ஊசித்துளை ஒளிப்பட நாளாகக் கொள்ளப்பட்டு வருகிறது.

விடுமுறைக்கு வீடு வந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இதனைப் பயிலத் தொடங்குகிறான் எனக் கொள்ளலாம். அவனுக்கு வேண்டியன யாவும் வீட்டிலேயே உள்ளன. வெறும் பால்மாப் பேணி ஒன்று கமராவாகிறது. அதன் உட்புறத்துப் பளபளப்பை விளக்குக் கரி பூசி மறைக்கிறான். மென்பானம் வந்த மெல்லிய தகரத்தில் ஒரு துண்டை வெட்டி, ஊசியாற் குத்தி, பின்புறத்துப் பிசிரை அரத்தாளாற் தேய்த்துத் துளையைச் சீராக்குகிறான். பேணி காற்றில் அசையாதிருக்க அதன்மேல் ஒரு செங்கல். கழுவுவதற்குரிய மருந்தைக்கூடக் கோப்பித்தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து ஆக்கலாம் என 1995இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் தொழில்நுட்ப நிறுவகத்து ஆசிரியரொருவரும் மாணவரும் காட்டினர். அதன் மணம் குசினியிற் கோப்பி வாசனையை எதிர்பார்ப்போரை ஏமாற்றும் என்பது வேறு விடயம். படத்தை நிலைநிறுத்தும் உப்பொன்றே கடையில் வாங்கப்பட வேண்டியது.

முதற் படங்கள் கெடும். மூடியின் ஓரத்தால் ஒளி கசிந்து ஒருபுறம் கறுக்கும். பேணி சற்றே புரண்டு எல்லாம் இரட்டிக்கும். நாலாவது ஐந்தாவது முயற்சியிலே திண்ணைப் படியில் வைத்த மூக்குப்பேணி ஒன்று தலைகீழாகவும் கறுப்பு வெள்ளை மாறியும் தாளிலே தோன்றும். நாள்தோறும் நீர் அருந்திய அப்பாத்திரத்தின் மூக்கு வயிற்றோடு சேருமிடத்திலுள்ள சிறு நெளிவை அவன் அதுவரை கண்டதில்லை. கருவியின் முதற் கொடை இதுவேயாம். பார்த்துப் பழகியமையாலேயே பாராதொழிந்தவற்றை அது மீட்டுத் தருகிறது. 1970இல் வெளிவந்த 'நன்மையின் இறைமை' என்னும் நூலிலே ஐரிஸ் மேடொக், அறவாழ்வு என்பது தெரிவு செய்யும் கணங்களிலே மட்டும் தங்கியிருப்பதன்று, ஒருவர் தம்மைச் சூழ்ந்தவற்றை எங்ஙனம் காண்கிறார் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது என வாதித்தார். மருமகளைத் தாழ்வாக எண்ணிய மாமி ஒருத்தி, எவருக்கும் தெரியாமல் தன் மனத்துள்ளேயே அவளை மீண்டும் நேர்மையோடு நோக்கி வேறாகக் காண்பதை அவர் உதாரணமாகக் கொண்டார். அவ்வாறாயின் மூக்குப்பேணியின் நெளிவைக் கண்டதும் ஒருவகை அறப்பயிற்சியே எனலாம். ஊசித்துளைப் படக்கலையைப் போற்றுவோர் பலர் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். பொறுமை, அவதானம், எளிமை ஆகியவற்றைப் புகழ்ந்து அமைகின்றனர். ஆயின் விடயம் இத்துணை எளிதன்று.

வீட்டுப் பொருள்களை அக்கருவி விரும்புவதேன் என்பதை முதலில் நோக்கல் வேண்டும். 0.4 மில்லிமீற்றர் துளையினூடாக நுழையும் ஒளி மிகச் சிறிது. நல்ல வெயிலிற் சாதாரண வேகமுடைய படச்சுருளுக்கு இரண்டு மூன்று செக்கன் போதும். ஒளிப்படத் தாளாயின் முக்கால் நிமிடம் வேண்டும். வீட்டினுள்ளே கதை வேறு. யன்னலோரத்து வெளிச்சமுள்ள குசினியிற் கணக்கின்படி படச்சுருளுக்கு ஏழெட்டு நிமிடம் தேவைப்படும். ஆயின் நெடுநேரம் மெல்லொளி படும்போது படலத்தின் உணர்ச்சி குன்றுகிறது. இக்குறைபாட்டை வானியலாளர் காள் சுவாட்ஸ்சைல்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தார். இன்று விற்பனையிலுள்ள படச்சுருள்கள் சிலவற்றுக்கு உற்பத்தியாளர் தரும் ஈட்டுக் கணக்கைக் கைக்கொண்டால் அவ்வேழெட்டு நிமிடம் அரை மணித்தியாலமாகிவிடும். அரை மணித்தியாலம் அசையாதிருக்கக்கூடியது எது? குடம், அம்மி, உரல், அலுமாரி, கதவு. கற்பவன் அவற்றைத் தெரிந்தெடுக்கிறான் என்பதிலும், அவை தம்மைத் தாமே தெரிந்தெடுத்துக்கொள்கின்றன என்பதே பொருந்தும்.

இனி, இக்கருவியின் நடுநிலைமை பற்றிப் பேசப்படுவதுண்டு. வில்லையுள்ள கமரா ஏதேனும் ஒரு தூரத்தைத் தெளிவாக்கி மற்றவற்றை மங்கவைக்கும். எது முதன்மையானது என்பதை அது முன்கூட்டியே தீர்மானிக்கிறது. ஊசித்துளைக்கு அத்தகைய ஓரவஞ்சனை இல்லை. கைக்கெட்டும் தூரத்து உப்புச் சாடியும் முற்றத்துக்கு அப்பாலுள்ள வேலியும் ஏறத்தாழ ஒரே தெளிவோடு, அல்லது ஒரே மென்மையோடு, பதிகின்றன. குறிபார்க்கும் கண்ணாடி இல்லாமையால் எடுப்பவனின் விருப்புவெறுப்புகளும் ஓரளவு விலகி நிற்கின்றன. ஆகவே அது உள்ளதை உள்ளவாறே காட்டும் கருவி என்பர். சைவசித்தாந்தம் உயிரின் இயல்பை விளக்குமிடத்துக் கூறும் சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் தன்மையை இப்படலத்துக்கும் ஏற்றிக் கூறலாம்போலத் தோன்றும். பளிங்கு தன்னருகே வைத்த மலரின் நிறத்தைப் பெறுவதுபோல, படலம் தன்முன் உள்ளதன் வண்ணத்தைப் பெறுகிறது. இவ்வுவமை ஒரு வரையறையோடுதான் பொருந்தும். பளிங்கு, மலர் வைத்த கணமே சிவக்கிறது; படலமோ தன்முன் நின்று தங்கியதன் வண்ணத்தையே பெறுகிறது. தங்காதது அதற்கு இல்லாதது.

மாணவன் தன் வீட்டுக் குசினியை எடுத்த படத்திலே இவ்வேற்றுமை வெளிப்படுகிறது. காலை ஆறரை மணி தொடங்கி ஏழு மணிவரை பேணி அலுமாரித் தட்டிலே திறந்திருந்தது. கழுவிப் பார்த்தபோது சுவர் உண்டு, பானை உண்டு, சுளகு உண்டு, கொழுக்கியில் தொங்கும் அகப்பைகள் எண்ணக்கூடியவாறு உண்டு. அடுப்பு வாயிலே தீ வெண்மையாகப் பதிந்துள்ளது. கதவினூடாகத் தெரியும் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அமர்ந்து புதினத்தாள் வாசித்த தந்தையார், கை சற்றே மங்கினும், இன்னார் என அடையாளங் காணத்தக்கவாறு இருக்கிறார். அவ்வரை மணித்தியாலம் முழுவதும் அடுப்புக்கும் கிணற்றுக்கும் திருவலைக்குமாக நடந்து, பிட்டவித்து, சம்பலரைத்து, தேநீர் ஆற்றிய தாயார் மட்டும் இல்லை.

ஒளிப்பட வரலாற்றிலே இது புதியதன்று. 1838இல் டாகெயர் பரிசிலுள்ள தம் இருப்பிடத்து யன்னலூடாக ஒரு வீதியைப் படமாக்கினார். வண்டிகளும் மனிதரும் நிறைந்த அவ்வீதி படத்திலே வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையிலே சப்பாத்தை மினுக்குவிப்பதற்காக ஒரு காலைப் பெட்டியில் வைத்து நின்ற ஒருவர் மட்டும் பதிந்துள்ளார். அடுத்த ஆண்டு அப்படத்தைக் கண்ட சாமுவேல் மோர்ஸ், கால்கள் அசையாது நின்றமையாற் சப்பாத்துகள் தெளிவாயிருப்பதையும் உடலும் தலையும் அசைந்தமையாற் தெரியாமற் போனமையையும் குறித்து எழுதினார். ஒளிப்படத்திலே பதிந்த முதல் மனிதர் எனப் பலராலும் கூறப்படுபவர் அவரே. அவருடைய காலடியிற் குனிந்து தூரிகையை ஓயாது அசைத்துக்கொண்டிருந்தவரோ ஒரு மங்கலாக மட்டும் எஞ்சினார். பணிவிடை பெற்றவருக்கு உருவம் கிடைத்தது. பணிவிடை செய்தவருக்குக் கறை கிடைத்தது எனலாம்.

ஆகவே ஊசித்துளையின் நடுநிலைமை தூரத்தைப் பொறுத்ததேயன்றிக் காலத்தைப் பொறுத்ததன்று. அது அசையாதவற்றின் பக்கம் சார்ந்து நிற்கிறது. வீடொன்றிலோ அசையாதிருத்தல் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட பொருளன்று. சிலருக்கு வாய்த்த சலுகை. வேறு சார்புகளும் உள்ளன. இருண்ட சுவரின்முன் வெள்ளைச் சேலையோடு நடப்பவர் மெல்லிய வெண்புகைபோலவேனும் எஞ்சுவார். கருநிறச் சேலையோடு நடப்பவர் அதுவும் இன்றி மறைவார். தீ ஓயாது அசைந்தும் பதிகிறது, ஏனெனில் அது தன்னொளி உடையது. ஊதுகுழலை ஊதி அத்தீயை மூட்டியவர் பதிவதில்லை. இவற்றுள் எதுவும் எவருடைய வஞ்சனையாலும் விளைந்ததன்று. யாவும் ஒளியின் கணக்கே. ஆயினும் கணக்கின் முடிவு எப்போதும் ஒரு திசையிலேயே சாய்கின்றது.

ஹன்னா ஆரென்ற் 1958இல் வெளியிட்ட 'மானிட நிலைமை' என்னும் நூலிலே உழைப்பு என்பதற்கும் ஆக்கம் என்பதற்கும் இடையே வேறுபாடு காண்பார். மேசையும் வீடும் பாத்திரமும் ஆக்கத்தின் விளைவுகள். அவை செய்தவரைக் கடந்தும் நிலைத்து உலகத்துக்கு ஓர் உறுதியை அளிக்கின்றன. சமைத்தலும் கூட்டலும் துவைத்தலும் உழைப்பு. அவற்றின் பயன் தோன்றியவுடனே நுகரப்பட்டு, மறுநாள் மீண்டும் தொடங்கப்படல் வேண்டும். எச்சம் விடாமையே உழைப்பின் இயல்பு என்பது அவர் கருத்து. ஊசித்துளைக் கமராவை ஆரென்ற் கருதியவரல்லர். எனினும் அவருடைய பாகுபாட்டை இதனைவிடத் தெளிவாகப் புலப்படுத்தும் கருவி வேறொன்று இருத்தல் அரிது. குயவன் வனைந்த பானை பதிகிறது. அதிலே சமைத்தவர் பதியவில்லை. எனினும் ஆரென்ற்றின் கூற்றையும் இப்படம் ஓரளவு திருத்துகிறது எனல் தகும். அகப்பைகள் கொழுக்கியிலே ஒழுங்காகத் தொங்குவதும், பானையின் அடிக்கரி தேய்க்கப்பட்டிருப்பதும், தரை மெழுகப்பட்டிருப்பதும் படத்திலே துலக்கமாக உள்ளன. பொருள்கள் நிலைத்திருப்பதற்கே நிலையாத அவ்வுழைப்புத் தேவை. கவனிப்பாரற்ற குசினியொன்று ஒரு மாரிகாலத்துள் என்னவாகும் என்பதை எவரும் அறிவர். உழைப்பு எச்சமின்றிப் போகவில்லை. பொருளின் ஒழுங்காக அது எஞ்சியுள்ளது. அதை வாசிக்கத் தெரியாமையே குறை.

ஆங்கிலேயரான பொக்ஸ் ரல்பொற் 1844இல் எடுத்த 'திறந்த கதவு' என்னும் படம் இவ்விடத்து நினைக்கற்பாலது. நிழல் நிறைந்த வாயிலொன்றிலே நீண்ட கைப்பிடியுடைய தும்புத்தடி ஒன்று சாய்ந்து நிற்கிறது, கூட்டியவர் இல்லை. அன்றாட வீட்டுப் பொருள்களும் ஓவியத்துக்குரிய பொருளாகும் என்பதை டச்சு ஓவியரை முன்னிறுத்தி அவர் நிறுவ முயன்றார். அதே நூலிலே பீங்கான் கோப்பைகள் அடுக்கிய தட்டொன்றின் படத்தையும் சேர்த்து, கள்வன் அவற்றைக் கவர்ந்தால் இப்படம் நீதிமன்றிலே சான்றாகக் கூடும் என்றும் குறித்தார். பொருளின் அழகுக்கும் பொருளின் உடைமைக்கும் ஒளிப்படம் சான்றாகும் என்பதை அக்கலையின் தொடக்கத்திலேயே அவர் கண்டுகொண்டார். அக்கோப்பைகளைத் துடைத்து அடுக்கியவருக்கு எது சான்று என்பது அவர் எழுப்பாத வினா.

இவ்விடத்து இரு தடைகள் எழுப்பப்படலாம். ஒன்று, விரைவான கமரா ஒன்றை எடுத்தால் வினாவே எழாது என்பது. நூறிலொரு செக்கனில் தாயார் தெளிவாகப் பதிவார். உண்மையே, ஆயின் பதிவது எது? உயர்த்திய அகப்பை, பாதி திரும்பிய முகம், கண் இமைத்த கணம். அரை மணித்தியாலத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் நூறிலொரு செக்கன்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை வெட்டி எடுத்து இதுதான் அவர் என்பது, அவரை முற்றாக விடுவதினும் மேலானதாயினும், முழுமையான உண்மையன்று. உழைப்பின் சாரம் அதன் ஓயாமையிலே உள்ளது. கணப்படத்திலே ஓயாமை தெரிவதில்லை. அங்கே எல்லோரும் நின்றுவிடுகின்றனர். ஊசித்துளையோ நேரத்தைக் கூட்டி வைக்கிறது. அரை மணித்தியாலத்தில் மூன்றிலொரு பங்கை அடுப்பின்முன் ஒரே இடத்திற் கழித்தவர், சுவர் ஊடாகத் தெரியும் ஒரு நிழலுருவாகத் தோன்றுவார். முகம் இராது, இருந்த இடம் இருக்கும். எவ்விடத்துக்கு அவர் மீண்டும் மீண்டும் வந்தார் என்பதை அப்படம் கூறும். இதனைக் கணப்படம் கூறவியலாது.

மற்றொரு தடை, அவரை அசையாது இருக்கும்படி கேட்டால் என்ன என்பது. ஜூலியா மார்கரெற் கமரன் என்னும் அம்மையாரின் வரலாறு இதற்கு விடையளிக்கிறது. இலங்கையோடு தொடர்புடைய வரலாறு அது. 1875இல் இங்கு வந்து குடியேறிய அவர் 1879இல் மலையகத்திலே காலமானார். அவருடைய கமரா வில்லையுடையது. எனினும் அவர் கேட்ட நேரம் பல நிமிடங்களாக நீண்டது. இங்கிலாந்தின் வைற் தீவிலே வாழ்ந்த காலத்தில், 48ஆம் வயதிலே கமரா கிடைக்கப்பெற்று, கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் கூடமாகவும் மாற்றினார். அவர் வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹில்லியர் கன்னி மரியாளாகப் பலமுறை அவர்முன் அசையாது அமர்ந்தார். அப்படங்களின் அழகில் ஐயமில்லை. ஆயின் அவற்றிலே இருப்பது மரியாள்; வீட்டைப் பேணிய மேரி ஹில்லியர் அல்லர். உருவம் பெறுவதற்கு அவர் தம் வேலையை நிறுத்தவேண்டியிருந்தது. அசையாதிருத்தல் அங்கே ஓய்வன்று. எசமானி இட்ட இன்னொரு பணி. இதனைக் கூறும்போது ஒன்றையும் மறத்தலாகாது. அக்காலத்து ஆயிரமாயிரம் பணிப்பெண்களுக்கு முகமும் எஞ்சவில்லை, பெயரும் எஞ்சவில்லை; மேரி ஹில்லியருக்கு இரண்டும் எஞ்சின. கமரன் அம்மையாரைக் குறைகூறுவது எளிது. அவர் செய்ததிலும் மேலான ஒன்றைச் செய்தவர் யாவர் எனக் காட்டுவது கடினம்.

தாயாரிடம் ஏழு நிமிடம் கதிரையிலே அமர்ந்திருக்கும்படி மாணவன் கேட்கலாம். அவர் மறுக்கமாட்டார், மகன் கேட்டதல்லவா. முகத்தைத் துடைத்து, சேலையைச் சரிசெய்து வந்து அமர்வார். அடுப்பிலே பிட்டு ஆறும். படத்திலே ஒரு முதிய பெண் கைகளை மடிமீது வைத்து அமர்ந்திருப்பார். அவரை அறிந்தோர் எவரும் அவ்வாறு அவரைக் கண்டதில்லை. உருவம் கிடைத்தது, ஆள் நழுவிவிட்டார்.

இங்ஙனமாயின் எவ்வழி நேரிது? படலத்தின்மேற் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. அது தன்முன் தங்கியது எது எனக் கேட்டதற்கு விடையிறுத்ததேயன்றி, இருந்தது எது எனக் கேட்டதற்கன்று. இரண்டையும் ஒன்றாகக் கொள்வோரே பிழை செய்கின்றனர். குசினிப் படத்தை மாணவன் கண்காட்சியொன்றுக்கு அனுப்பும்போது 'ஆளற்ற குசினி' எனத் தலைப்பிடுவானாயின் பிழை அங்கேதான் நிகழ்கிறது. அது ஒளியின் பிழையன்று. தெரிந்தும் சொன்ன சொல்லின் பிழை. வெறுமையின் அழகு, பொருள்களின் மௌனம் என்றெல்லாம் இத்தகைய படங்களைப் புகழ்வது கலையுலகிலே ஒரு வழக்கமாகிவிட்டது. அம்மௌனம் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருந்த ஒருவருடையது. படத்தின் கீழே 'காலை 6.30 முதல் 7.00 வரை' என எழுதினால் ஓரளவு நேர்மை பிறக்கும். அந்நேரத்தில் ஒரு குசினி ஆளற்றிருக்க முடியாது என்பதைக் காண்போர் தாமே உணர்வர். நேரத்தைக் குறிப்பிடாத ஊசித்துளைப் படம் அரைப் படமே.

இத்தோடு அவன் கடமை முடிந்ததாகக் கொள்ளலாம். ஆயினும் கருவியின் ஓர் இயல்பு வினாவை மேலும் ஒரு படி நகர்த்துகிறது. கண்ணை வில்லையிற் பொருத்தி விசையிலே விரலை வைத்திருக்கும் ஒளிப்படக் கலைஞர் தம் கைகள் ஓய்வற்றவை எனக் கூறலாம். ஊசித்துளைக்காரனுக்கு அச்சாட்டு இல்லை. நாடாவை உரித்தபின் அரை மணித்தியாலத்துக்கு அவன் கைகள் வெறுங்கைகள். படம் தானே உருவாகிறது. அவ்வரை மணித்தியாலத்தை அவன் என்ன செய்கிறான் என்பது ஒளியியலைச் சார்ந்த வினாவன்று. விறாந்தையிலே தந்தையாரருகே இன்னொரு கதிரையைப் போட்டு அமரலாம்; அமர்ந்தால் அவனும் தெளிவாகப் பதிவான். நின்று மணிக்கூட்டைப் பார்க்கலாம். அவதானம் என்பது பார்த்துக்கொண்டிருத்தலா, அல்லது கை கொடுத்தலும் அதனுள் அடங்குமா என்னும் வினாவை மெய்யியல் நூல்கள் பல பக்கங்களில் ஆராயும். குசினியிலே அது ஒரு வாக்கியத்திற் கேட்கப்படும்.

"தம்பி, சும்மா நிக்கிறாய்தானே, உந்தத் தேங்காயை ஒருக்காத் திருவித் தா."

மறுநாட் காலைப் படமும் அதே பேணியில், அதே தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. சுவரும் பானையும் முன்போலவே உள்ளன. சாய்மனைக் கதிரையிலே தந்தையார் இருக்கிறார். தீ வெண்மையாக எரிகிறது. படத்தின் கீழ்ப்பகுதியிலே, திருவலை கிடந்த இடத்தையொட்டி, முந்திய நாட் படத்தில் இல்லாத மெல்லிய வெண்கறை ஒன்று காணப்படுகிறது. அது திருவிய பூவின் வெண்மையா, தாயாரின் சேலைத் தலைப்பா, அரை மணித்தியாலத்தில் இரண்டு தேங்காய் திருவிய மாணவனின் சாரமா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தும் பிரித்தறிய முடிவதில்லை.